வாசகர் கேள்வி – பதில்: மனையின் குறுக்கே ஒரு மண்டலக் கோடு

நகர மண்டல எல்லைகள் குறித்து வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பகுத்து, எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடு உள்ள எல்லா நகரங்களிலும் இந்தச் சிக்கல் எழுகிறது. விதிகளின் சொற்கள் நகரத்துக்கு நகரம் மாறினாலும் அவற்றின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே பதில்களைப் படித்த பிறகு, உங்கள் நகரத்தின் மண்டல விதித்தொகுப்பில் எல்லைகளை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்று கூறும் பிரிவைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் தொகுப்பின் தொடக்கத்திலேயே, வரைபடத்தைப் பற்றிய விதிகளை ஒட்டி இருக்கும்.

கேள்வி: எங்கள் நகரத்தின் மண்டல வரைபடத்தில் குடியிருப்பு மண்டலத்தையும் வணிக மண்டலத்தையும் பிரிக்கும் கோடு எங்கள் மனையின் கிழக்கு ஓரத்தில் செல்கிறது. அது மனையின் எல்லையின் மீதே செல்கிறதா, சற்று உள்ளே தள்ளிச் செல்கிறதா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் அறிய முடியவில்லை. எதைக் கொண்டு முடிவு செய்வது?

பதில்: உருப்பெருக்கிக் கண்ணாடி இங்கே உதவாது. 1:5,000 என்ற விகிதத்தில் அச்சிடப்பட்ட வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு, தரையில் இரண்டரை மீட்டர் அகலத்தை மறைத்துவிடுகிறது. 1:10,000 என்றால் அதுவே ஐந்து மீட்டர் ஆகிவிடும். கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஓர் அறை அடங்கிவிடும்போது, கோட்டின் எந்த விளிம்பை எல்லையாகக் கொள்வது என்று வாதிடுவதில் பொருளில்லை. அந்தக் கோட்டை வரைந்தவர்கள் எதைப் பின்பற்ற எண்ணினார்கள் என்பதே உண்மையான கேள்வி. எல்லா எல்லை விதிகளும் இந்தக் கேள்விக்கு விடை காணும் வழிகள்தான்.

முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தையே அல்ல. அந்த மண்டலத்தை உருவாக்கிய அல்லது பின்னர் மாற்றிய தீர்மானத்தின் எழுத்து வாசகத்தை. மண்டலம் ஒவ்வொன்றும் நகர மன்றத்தின் ஏதோ ஒரு தீர்மானத்தால் பிறந்தது. அந்தத் தீர்மானத்தோடு, பத்திரத்தில் நாம் எழுதும் நான்கெல்லை விவரம் போன்ற எல்லை வாசகமோ, அளவுகள் குறித்த ஓர் இணைப்புப் படமோ பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்கும். தீர்மான எண் சில வரைபடங்களின் ஓரக் குறிப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் நகர மன்றச் செயலரின் பதிவேட்டில் கேட்டுப் பெறலாம். 'பிரதான சாலையின் மையக்கோட்டிலிருந்து 45 மீட்டர் தூரம் வரை' என்பது போன்ற ஒரு வரி அங்கே கிடைத்துவிட்டால், உங்கள் ஐயம் நில அளவையர் ஒரே நாளில் தீர்த்துவைக்கக்கூடிய ஒன்றாகச் சுருங்கிவிடும்.

எழுத்து விவரம் கிடைக்காவிட்டால், அடுத்தபடியாகக் கோடு எந்த அடையாளத்தை ஒட்டிச் செல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சாலையை ஏறத்தாழ ஒட்டிச் சென்றால் சாலையின் மையக்கோடும், மனை எல்லைகளை ஒட்டிச் சென்றால் அந்த மனை எல்லைகளும், ரயில் பாதையை ஒட்டிச் சென்றால் அந்தப் பாதைக்குரிய நிலத்தின் நடுக்கோடும், ஓடையை ஒட்டிச் சென்றால் ஓடையின் நடுவும் மண்டல எல்லையாகக் கொள்ளப்படும் என்பது பல நகரங்களின் விதித்தொகுப்புகளில் காணப்படும் முறை. இவ்வடையாளங்களில் ஒன்றுக்கு இணையாக, சற்றுத் தள்ளிக் கோடு சென்றால் அந்த இணைத்தன்மை மதிக்கப்படும். இவை எதுவும் பொருந்தாதபோதுதான் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்து தூரத்தைக் கணக்கிட வேண்டும். அதன் பிறகும் ஐயம் நீடித்தால் விதித்தொகுப்பு யாரிடம் அதிகாரம் ஒப்படைத்திருக்கிறதோ அந்த மண்டல அலுவலரோ மேல்முறையீட்டு வாரியமோ முடிவு கூற வேண்டும். இந்த வரிசை முக்கியமானது. அளவுகோலை முதலில் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி இல்லை. அதுதான் எனக்கு மிகவும் தேவைப்படுகிறது. உங்கள் மனைக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள மனைகளில் அந்தக் கோடு எப்படிச் செல்கிறது? தன் மனையை மட்டும் பார்ப்பவருக்குக் கோட்டின் நோக்கம் ஒருபோதும் புலப்படாது. வரிசையாக ஏழெட்டு மனைகளின் பின் எல்லையைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வளைவதற்கேற்ப வளைந்து கோடு வருகிறது என்றால், உங்கள் மனையில் மட்டும் அரை மீட்டர் உள்ளே நுழைய வேண்டும் என்று எவரும் கருதியிருக்க முடியாது. அது வரைந்தவரின் கை அசைவு. மாறாக, மனைகளின் ஆழம் கூடியும் குறைந்தும் இருக்க, கோடு எதற்கும் வளையாமல் சாலைக்கு இணையாக நேராகவே செல்கிறது என்றால், சாலையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை வணிக மண்டலம் என்று அளந்து போட்ட கோடு அது. அப்போது அது உங்கள் மனையை வெட்டுவது தற்செயல் அன்று. இந்த இரண்டில் எது என்று கண்டறிய உங்கள் தெருவின் முழு நீளத்தையும் அந்த வரைபடத்தில் பாருங்கள்; விடையில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

கேள்வி: நகரத்தின் இணைய வரைபடத்தை என் கைப்பேசியில் திறந்து, வீட்டின் பின்புறம் நின்று பார்த்தேன். மண்டலக் கோடு எங்கள் சமையலறையின் நடுவில் செல்வதாகக் காட்டுகிறது. இதை ஆதாரமாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அந்தத் திரையில் மூன்று தனித்தனிப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. திறந்த வானத்தின் கீழேகூடக் கைப்பேசி காட்டும் இடம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை விலகலாம். சுவர்களுக்கும் மரங்களுக்கும் அருகில் இன்னும் அதிகமாக விலகும். மனை எல்லைகளைக் காட்டும் அடுக்கும் மண்டலங்களைக் காட்டும் அடுக்கும் பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மூலங்களிலிருந்து கணினியில் ஏற்றப்பட்டவை. காகித வரைபடத்தை நகலெடுத்து ஏற்றும்போது, காகிதம் ஈரத்தில் விரிந்ததும் வெப்பத்தில் சுருங்கியதும்கூட அந்தக் கோட்டோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. பின்னணியில் தெரியும் வான்வழிப் படமோ உயரமான கட்டடங்களைச் சாய்த்துக் காட்டும். இத்தனைக்கும் பிறகு திரையை விரலால் பெரிதாக்கும்போது கோடு மெல்லியதாகவே இருப்பதால், அது மிகத் துல்லியமானது என்ற தோற்றம் உண்டாகிறது.

அந்த இணையப் பக்கத்தின் அடியில், இது தகவலுக்காக மட்டுமே, சட்டப்படியான வரைபடம் நகர அலுவலகத்தில் உள்ளது என்ற பொருள்படும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அலுவலகத்தில் சான்றொப்பத்துடன் வைக்கப்பட்டுள்ள மூலப்படிக்கும் திரையில் தெரிவதற்கும் வேறுபாடு இருந்தால் மூலப்படியே செல்லும். இணைய வரைபடம் எதற்குப் பயன்படும் என்றால், ஐயம் ஒன்று இருக்கிறது என்று உங்களை எச்சரிப்பதற்கு. அந்த வகையில் அது உங்களுக்கு உதவியிருக்கிறது. உடனே மூலப்படியின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மண்டல எல்லை எங்கள் இரு மனைகளுக்கும் நடுவில் உள்ள மனைக் கோட்டைப் பின்பற்றுகிறது. இரண்டையும் ஒரே மனையாக இணைத்துப் பதிவு செய்துவிட்டால், எல்லையும் அந்த மனையின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும் என்று ஒருவர் கூறுகிறார். சரியா?

பதில்: சரியன்று. மனை எல்லையைப் பின்பற்றும் என்ற விதி, மண்டலத் தீர்மானம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த மனை எல்லையைக் குறிக்கிறது. நீங்கள் பின்னர் இணைத்தாலும் பிரித்தாலும் அந்தக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். இணைத்ததன் விளைவாக ஒரே மனைக்குள் இரண்டு மண்டலங்கள் வந்துவிடும் என்பதுதான் நடக்கும். நில உரிமையாளர் தன் பத்திரத்தால் மண்டலத்தை நகர்த்த முடியும் என்றால் நகர மன்றத்துக்கு வேலையே இருக்காது. இதன் காரணமாகவே, தீர்மான நாளுக்கு முந்தைய மனைப் பிரிவு வரைபடத்தைத் தேடிப் பத்திரப்படுத்துவது மிகவும் பயன் தரும். இன்றைய பத்திரத்தில் உள்ள எல்லை, அன்றைய எல்லைதான் என்று எண்ணிக்கொண்டு வழக்காடியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மனையை ஒட்டியிருந்த சிறு சந்து ஒன்றை நகர நிர்வாகம் மூடிவிட்டு, பாதியை எங்களுக்கும் பாதியை எதிர்ப்புறத்தாருக்கும் கொடுத்தது. சந்தின் இருபுறமும் வெவ்வேறு மண்டலங்கள். எங்களுக்கு வந்த பாதி எந்த மண்டலம்?

பதில்: மூடப்பட்ட தெரு அல்லது சந்தின் நிலத்துக்கு அதை ஒட்டியுள்ள மண்டலம் மையக்கோடு வரை தானாகவே நீளும் என்பது பரவலான விதி. ஆகவே உங்களுக்கு வந்த பாதி உங்கள் மனையின் மண்டலத்தையே பெறும். சந்து முழுவதையும் ஒருவருக்கே கொடுத்திருந்தால், அவருக்குச் சேர்ந்த மறுபாதி எதிர்ப்புற மண்டலத்திலேயே இருந்துவிடலாம். அப்படிப்பட்டவர்கள் மூடும் தீர்மானத்தின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கேள்வி: மண்டல எல்லை குறித்து ஐயம் இருந்ததால் கட்டட அனுமதிப் பிரிவில் நேரில் விசாரித்தோம். அங்கிருந்த அலுவலர் வரைபடத்தைப் பார்த்து, உங்கள் மனை முழுவதும் உயரக் கட்டுப்பாடு இல்லாத மண்டலத்தில்தான் இருக்கிறது என்றார். கட்டட அனுமதியும் கிடைத்துவிட்டது. இனி அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

பதில்: இந்த வினாவுக்கு ஆறுதலான பதிலைச் சொல்ல விரும்புகிறேன், ஆனால் நடந்த ஒரு வழக்கு அதற்கு இடம் தரவில்லை.

நியூயார்க் நகரம் 1973-ஆம் ஆண்டில் பார்க் அவென்யூவின் ஒரு பகுதியைச் சிறப்பு மண்டலமாக அறிவித்து, அவென்யூவிலிருந்து 150 அடி தூரம் வரை உள்ள நிலத்தில் 19 மாடிகளுக்கு அல்லது 210 அடிக்கு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல், கட்டக் கூடாது என்று விதித்தது. 150 அடி என்ற அளவு தீர்மானத்தின் எழுத்து வாசகத்தில் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. பின்னர் வெளியான மண்டல வரைபடத்திலோ அந்தத் தூரம் எண்ணால் தெளிவாகக் காட்டப்படவில்லை. எல்லை குறுகிவிட்டது போலத் தோன்ற இடம் இருந்தது. கிழக்கு 96-ஆம் தெருவில் 108-ஆம் எண் மனையில் 31 மாடிக் கட்டடம் எழுப்ப முன்வந்த நிறுவனத்துக்கு 1985-இல் நகரம் அனுமதியும் வழங்கிவிட்டது. கட்டுமானம் பெருமளவு முன்னேறிய பிறகு தவறு வெளிப்பட்டு, வேலையை நிறுத்த உத்தரவு வந்தது.

நகரமே கொடுத்த அனுமதியை நம்பித்தானே கட்டினோம் என்ற வாதம் மனிதநேயத்தோடு பார்ப்பவர் எவருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 'பார்க்வியூ அசோசியேட்ஸ் எதிர் நியூயார்க் நகரம்' என்ற அந்த வழக்கில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அலுவலர் ஒருவரின் தவறு சட்டத்தை மாற்றிவிடாது என்றும், நல்லெண்ணத்தோடு தேடியிருந்தால் 150 அடி என்ற எழுத்து விவரம் எளிதாகக் கிடைத்திருக்கும் என்றும் அது கருதியது. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தின் மேலிருந்த 12 மாடிகள் இடித்து அகற்றப்பட்டன.

இந்த வழக்கை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே வரைபடம் இருந்தது, அலுவலரின் ஒப்புதல் இருந்தது, முத்திரையிட்ட அனுமதியும் இருந்தது. இல்லாமல் போனது, மூலத் தீர்மானத்தின் வாசகத்தை எடுத்துப் பார்க்கும் ஒரு செயல் மட்டுமே. பிழை செய்தது அலுவலகம், இழந்தது கட்டியவர். எல்லா நாட்டு நீதிமன்றங்களும் இதே கடுமையோடு தீர்ப்பளிக்கும் என்று நான் கூறவில்லை. சில இடங்களில், நல்லெண்ணத்தோடு பெருந்தொகை செலவிட்டவருக்குப் பாதுகாப்பு கிடைப்பதும் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பை நம்பி அடித்தளம் தோண்டுவது சரியாகாது.

ஆகவே அனுமதி கையில் இருந்தாலும், வேலை தொடங்கும் முன் இரண்டு செயல்களைச் செய்யுங்கள். மூலத் தீர்மானத்தின் நகலைப் பெற்று, அதில் கூறப்பட்ட தூரத்தை நில அளவையரைக் கொண்டு உங்கள் மனை வரைபடத்தின்மேல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த வரைபடத்தை இணைத்து, மண்டல எல்லை இன்ன இடத்தில் உள்ளது என்பதைத் தீர்மானித்துத் தருமாறு, அதற்கு அதிகாரம் உள்ள மண்டல அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் அலுவலர் வரைபடத்தை மட்டுமே பார்த்துப் பதில் சொல்வார். எழுத்தில் கேட்டு, ஐயத்துக்குரிய தீர்மான எண்ணையும் குறிப்பிட்டால், கோப்பை எடுத்துப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டாகிறது.

கேள்வி: எல்லா ஆவணங்களையும் பார்த்துவிட்டோம். கோடு ஐயமின்றி எங்கள் மனையின் குறுக்கேதான் செல்கிறது. முன்பாதி வணிகம், பின்பாதி குடியிருப்பு. முழு மனையையும் வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: மண்டல முறைக்கே சட்ட அடித்தளம் தந்த வழக்கிலும் இப்படிப்பட்ட நிலம்தான் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் 1922-இல் மண்டல விதிகளை இயற்றியபோது, ஒரு நில வணிக நிறுவனத்துக்குச் சொந்தமான 68 ஏக்கர் நிலத்தின் ஊடாக இரண்டு கோடுகள் சென்றன. யூக்ளிட் அவென்யூவை ஒட்டிய முதல் 620 அடி இருகுடும்ப வீடுகளுக்கான வகையிலும், அடுத்த 130 அடி அடுக்குக் குடியிருப்புகளுக்கான வகையிலும், மீதி தொழில் வகையிலும் விழுந்தன. தொழிலுக்கு என்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம், குடியிருப்பு என்றானதால் 2,500 டாலருக்கு மேல் பெறாது என்று நிறுவனம் முறையிட்டது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகள் பொதுவாகச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரே உரிமையாளரின் நிலம் என்பதற்காகக் கோடு வளைந்துகொடுக்க வேண்டியதில்லை என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

ஆகவே, வேறு விதி இல்லாத இடங்களில், மனையின் ஒவ்வொரு பகுதிக்கும் அந்தந்த மண்டலத்தின் விதியே பொருந்தும். பல நகரங்கள் இதன் கடுமையைக் குறைக்கத் தனி விதி வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் விதித்தொகுப்பை எடுத்துக்கொண்டால், 1961 டிசம்பர் 15-க்கு முன்பே இருந்த மனையில், பெரும்பகுதி ஒரு மண்டலத்தில் இருந்து, சிறுபகுதியில் மண்டலக் கோட்டிலிருந்து மனையின் எல்லை வரை உள்ள மிகுதியான தூரம் 25 அடியைத் தாண்டாமல் இருந்தால், பெரும்பகுதிக்குரிய பயன்பாட்டு விதியை முழு மனைக்கும் பொருத்திக்கொள்ளலாம். இதில் மூன்று நிபந்தனைகள் இருப்பதைக் கவனியுங்கள்: மனையின் பழமை, பரப்பில் பெரும்பான்மை, சிறுபகுதியின் ஆழம். உங்கள் நகரத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் அதிலும் இவை போன்ற நிபந்தனைகள் இருக்கும். அவற்றில் ஒன்று தவறினாலும் சலுகை கிடையாது. நீங்கள் பாதிக்குப் பாதி என்று எழுதியிருப்பதால், சதுர மீட்டர் கணக்கில் எந்தப் பாதி பெரியது என்பதைத் துல்லியமாக அளந்தறிவதே உங்களுக்கு முதல் வேலை.

எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு வேறு. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று கூறும் தளப்பரப்புக் குறியீட்டைச் சில நகரங்கள் நிலப்பரப்பின் விகிதப்படி சராசரியாக்குகின்றன. 600 சதுர மீட்டர் மனையில் 60 சதவீதத்துக்குக் குறியீடு 3, 40 சதவீதத்துக்கு 1.5 என்றால், மனை முழுவதற்கும் 2.4 என்று வரும். அதாவது 1,440 சதுர மீட்டர் தளப்பரப்பு. வேறு சில நகரங்கள் இந்தச் சராசரியை ஏற்காமல், ஒவ்வொரு பகுதியின் தளப்பரப்பையும் அந்தந்தப் பகுதிக்குள்ளேயே கட்ட வேண்டும் என்கின்றன. வரைவாளரிடம் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் வரைபடம் முழுவதையும் மறுபடி போட நேரிடும்.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னொன்று, வாகனப் பாதை. முன்பகுதியில் கடை, பின்பகுதியில் வெறும் வாகன நிறுத்தம்தானே என்று நினைப்பார்கள். கடைக்காக வரும் வண்டிகள் நிற்கும் இடமும், அவை கடந்து செல்லும் பாதையும் அந்தக் கடையின் துணைப் பயன்பாடுகளாகவே கருதப்படுவது வழக்கம். ஆகவே குடியிருப்பு மண்டலப் பகுதியில் அவற்றுக்கும் தடை வரக்கூடும். மண்டலக் கோட்டை மனையின் ஓர் எல்லை போலவே பாவித்து, அதிலிருந்தும் செட்பேக், அதாவது கட்டடம் இல்லாத இடைவெளி, விட வேண்டும், மறைப்புச் சுவரோ செடி வரிசையோ அமைக்க வேண்டும் என்று கூறும் விதிகளும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகு, பின்பாதியில் ஒரு வீட்டையே கட்டிவிடுவது பல மனைகளுக்கு அமைதியான வழியாக இருக்கிறது. உங்கள் மனைக்கும் அதை ஒரு வாய்ப்பாகக் கருத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்து மனைகள் எல்லாம் முழுமையாக வணிக மண்டலத்தில் இருக்க, எங்கள் மனையில் மட்டும் கோடு உள்வாங்கி, ஒரு பட்டையைக் குடியிருப்பாக்கிவிட்டது. மேல்முறையீட்டு வாரியத்திடம் சொல்லிக் கோட்டை நேராக்க முடியுமா?

பதில்: வாரியத்துக்குக் கோட்டை நகர்த்தும் அதிகாரம் இல்லை. கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுசொல்வது வேறு. எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது வேறு. முன்னதை அலுவலரும் வாரியமும் செய்யலாம். பின்னது மண்டல மாற்றம். அதை அறிவிப்பு, பொது விசாரணை ஆகியவற்றுக்குப் பிறகு நகர மன்றமே செய்ய முடியும். இவற்றுக்கு இடையில் விதித்தளர்வு என்று ஒன்று உண்டு. கோடு இருந்த இடத்திலேயே இருக்க, உங்கள் மனையின் தனித்த இடர்ப்பாட்டை முன்னிட்டு ஏதேனும் ஒரு விதியை மட்டும் வாரியம் தளர்த்தித் தருவது அது. உங்களுக்குத் தேவைப்படுவது இம்மூன்றில் எது என்று தெளிவாகாமல் விண்ணப்பித்தால், கட்டணமும் காலமும் வீணாகும். தவறான கதவைத் தட்டியதாலேயே நல்ல கோரிக்கைகள் தள்ளுபடி ஆகியிருக்கின்றன.

ஆனாலும் உங்கள் வாதத்துக்குக் கேட்பார் இல்லை என்று எண்ண வேண்டாம். யூக்ளிட் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1928-இல், 'நெக்டவ் எதிர் கேம்பிரிட்ஜ் நகரம்' என்ற வழக்கு அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ஒருவருடைய நிலத்தின் ஓரத்தில் 100 அடி அகலமுள்ள ஒரு பட்டை மட்டும் குடியிருப்பு மண்டலத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. நிலத்தின் எஞ்சிய பகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அருகிலேயே மோட்டார் வாகனத் தொழிற்கூடமும் சோப்புத் தொழிற்சாலையும் ரயில் பாதைகளும் இருந்ததால், அந்தப் பட்டையில் வீடு கட்டி உரிய பலன் பெற முடியாது என்று கீழ் நீதிமன்றத்துக்காக விசாரித்தவர் பதிவு செய்திருந்தார். அந்தப் பட்டையைச் சேர்த்ததால் மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ பொதுநலனுக்கோ பயன் ஏதும் இல்லை என்ற அந்தப் பதிவை ஏற்று, அவர் நிலத்தைப் பொறுத்தவரை அந்த விதி செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட்.

உங்கள் மனை அந்த நிலத்துக்கு இணையானதா என்பதைக் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. கோடு உள்வாங்கியதற்குக் காரணம் இருந்திருக்கலாம்: ஒரு பள்ளிக்கு அருகில் இருப்பது, பின்னால் உள்ள குறுகிய தெரு வணிக வண்டிகளைத் தாங்காது என்பது போன்றவை. தீர்மானத்தின்போது நடந்த விசாரணையின் குறிப்புகளையும் நகரமைப்புப் பிரிவின் அறிக்கையையும் பெற்றுப் படியுங்கள். காரணம் எதுவும் அங்கே பேசப்படவில்லை, கோட்டுக்கு விளக்கம் தரக்கூடிய தடயமும் நிலத்தில் இல்லை என்றால், அது வரைவுப் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். வரைவுப் பிழையைத் திருத்த வழக்குக்குப் போக வேண்டியதில்லை; நகரமே முன்வந்து திருத்தத் தீர்மானம் கொண்டுவர முடியும். சான்றுகளோடு முதலில் அதைக் கேட்பதே முறை. பக்கத்து மனைக்காரர்களிடம் எழுத்தில் இசைவு வாங்கி இணைத்தால் விசாரணையில் அதற்கு எடை உண்டு.

கேள்வி: எல்லை குறித்து மண்டல அலுவலர் எழுத்தில் தந்த தீர்மானம் எங்களுக்குப் பாதகமாக இருக்கிறது. ஓராண்டு கழித்து வேறு அலுவலர் வந்த பிறகு மறுபடி கேட்கலாம் என்று வீட்டில் கூறுகிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். எழுத்தில் வந்த தீர்மானத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் காலக்கெடு உண்டு. சில இடங்களில் அது 30 நாள், சில இடங்களில் 60 நாள். கெடு கடந்துவிட்டால் அந்தத் தீர்மானமே உறுதியாகிவிடும். புதிய அலுவலர் அனுதாபத்தோடு கேட்டாலும் அவரால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. உங்களுக்குச் சாதகமாக வந்த கடிதத்தைப் பக்கத்து மனைக்காரர் எதிர்ப்பதற்கும் இதே போன்ற கெடுதான். ஆகவே சாதகமான கடிதம் பெற்றவர்களும் அந்த நாள் முடியும் வரை கட்டுமானத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

மேல்முறையீட்டு மனுவில், கோட்டின் இடம் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது என்று மட்டும் எழுதாமல், எந்த விதிப்படி எந்த அடையாளத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுங்கள். மூலத் தீர்மானத்தின் நகல், அந்நாளைய மனைப் பிரிவு வரைபடம், நில அளவையர் கையொப்பமிட்ட படம் ஆகியவற்றை மனுவோடு அப்போதே இணைத்துவிடுங்கள். வாரியத்தின் முன் வைக்கப்படாத சான்றைப் பின்னர் நீதிமன்றத்தில் முதன்முறையாகக் காட்டப் பெரும்பாலும் அனுமதி கிடைப்பதில்லை. கெடு நெருங்கிவிட்டதாக உங்கள் கடிதத்தின் தேதியிலிருந்து தெரிகிறது. ஆவணங்கள் அனைத்தும் கையில் வரும்வரை பொறுக்காமல் மனுவை முதலில் பதிவு செய்து, எஞ்சியவற்றை விசாரணைக்கு முன் சேர்க்க அனுமதி கோரும் ஒரு வரியை அதிலேயே எழுதிவிடுங்கள்.